இரண்டாந் தரம்

தமிழில் 'தரம்' என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. பொருளின் தரம், படைப்பின் தரம் என்னுமிடத்து அது மேன்மை கீழ்மைகளைக் குறிக்கிறது. இரண்டு தரம் கேட்டான், மூன்று தரம் போனாள் என்னுமிடத்துத் தடவையைக் குறிக்கிறது. அகராதியில் அடுத்தடுத்து அமைதியாக இருக்கும் இவ்விரு பொருள்களும் இலங்கைத் தமிழ் மாணவரின் வாழ்வில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்கின்றன. அவர்கள் எழுதும் பரீட்சையின் முழுப்பெயர் கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சை என்பது. அதில் எதிர்பார்த்த பெறுபேறு கிடையாமல் மறுமுறை எழுத முனைபவரை 'இரண்டாந் தரம் எடுக்கிறார்' என்பர். அரை நூற்றாண்டுக்கு முன் அப்பரீட்சைப் புள்ளிகளின்மீது அரசு மேற்கொண்ட நடவடிக்கைக்கு வழங்கிய பெயரோ தரப்படுத்தல். இத்தனை தரங்களுக்கிடையே பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒன்று தன் தரம் யாது என்று தேடி நிற்கிறது.

'இரண்டாந் தரம்' என்று சொல்பவர் இரண்டாவது தடவை என்றே கருதியிருக்கக்கூடும். கேட்பவர் செவியிலே மற்றப் பொருளும் விழுந்துவிடுகிறது. கலியாண வீட்டுப் பந்தலில் உறவினர் ஒருவர், 'பிள்ளை முதலாந் தரமோ, இரண்டாந் தரமோ?' என்று வினவும்போது, விடை சொல்லவேண்டிய தாய் ஒரு கணம் தயங்குவது இதனாலேயே. அத்தயக்கம் ஆராயத்தக்கது. ஒரு பரீட்சையை மீண்டும் எழுதுவது வெட்கத்துக்குரியதன்று என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். பரிசளிப்பு விழா மேடைகளில் அதனை விடாமுயற்சி என்று போற்றவும் செய்வர். அவ்வாறாயின் அத்தயக்கம் எங்கிருந்து வந்தது? மேடையில் எழும் பாராட்டும் பந்தலில் எழும் தயக்கமும் ஒரே பிழையான எண்ணத்தினின்றும் பிறந்தவை என்பதே இக்கட்டுரையின் துணிபு. பரீட்சைப் புள்ளி அதனைப் பெற்றவரின் மதிப்பை அளந்து காட்டுகிறது என்பதே அவ்வெண்ணம்.

முதற்கண் நடைமுறையை நோக்குதல் தகும். பல்கலைக்கழக அனுமதி கருதி ஒருவர் இப்பரீட்சைக்கு மூன்று தடவைகள் தோற்றலாம். முதன்முறை அவர் பாடசாலைப் பரீட்சார்த்தி. வெள்ளைச் சீருடை அணிந்து, தம் வகுப்பினரோடு, தம்மை ஆண்டுக்கணக்காய் அறிந்த ஆசிரியர்களின் வாழ்த்துடன் மண்டபம் புகுகிறார். மறுமுறை அவர் பெரும்பாலும் தனிப்பட்ட பரீட்சார்த்தி. சீருடை இல்லை, உடன் படித்தோர் பலர் இல்லை, பெயர் சொல்லி அழைப்பாரும் இல்லை. தோல்வியைப் பற்றிப் பேசுவோர் புள்ளிகளையே பேசுகின்றனர். இடம் ஒன்றை இழந்ததைப் பேசுவதில்லை. 'என்ன செய்கிறாய்?' என்ற வினாவுக்குப் 'படிக்கிறேன்' என்று விடையிறுத்தால், 'எங்கே?' என்ற அடுத்த வினா உடனே எழும். அதற்கு அவரிடம் உள்ள விடை ஒரு ரியூட்டரியின் பெயர் மட்டுமே. மாணவரென்றும் சொல்லவியலாத, தொழிலாளரென்றும் சொல்லவியலாத ஓர் ஆண்டினை அவர் வாழ்ந்து தீர்க்கவேண்டியுள்ளது.

அந்த ஆண்டும் முழு ஆண்டாகக் கிடைப்பதில்லை. 2022ஆம் ஆண்டுக்குரிய உயர்தரப் பரீட்சை 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நடந்தது. பெறுபேறுகள் அவ்வாண்டு செப்ரெம்பரில் வெளியாயின. அடுத்த பரீட்சை 2024 ஜனவரியில் ஆரம்பமாயிற்று. தம் பெறுபேற்றை அறிந்து, மனத்தைத் தேற்றி, வீட்டாரோடு பேசி, ஒரு முடிவெடுத்து, மீண்டும் பாடத்தைத் தொடக்கத்திலிருந்து புரட்டுவதற்கு நான்கே மாதங்கள். இன்னொன்றையும் மறத்தலாகாது. அண்மைய ஆண்டுகளில் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கத் தகுதி பெறுவோர் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர். அனுமதி பெறுவோர் நாற்பதினாயிரத்தை ஒட்டிய தொகையினர். எனவே இரண்டாந் தரம் எழுதுவோருட் பலர் சித்தி எய்தாதவர் அல்லர். மூன்று பாடங்களிலும் நன்கு சித்தியடைந்து, வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டவர்கள். இவர்களைத் தோற்றவர் என்பது மொழியின் வறுமை.

அவ்வெட்டுப்புள்ளி எதனை வெட்டுகிறது? இந்நூற்றாண்டின் தொடக்கம் முதல் அனுமதிக்கு அடிப்படையாக இருப்பது இஸட் புள்ளி. ஒரு பாடத்தில் ஒருவர் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்திற்குத் தோற்றிய யாவரினதும் இடையைக் கழித்து, எஞ்சுவதை நியம விலகலால் வகுத்துப் பெறுவது அது. மூன்று பாடங்களுக்கும் இவ்வாறு பெற்றவற்றின் சராசரியே ஒருவரது இறுதி எண். கடினமான பாடத்தை எடுத்தவர் இலகுவான பாடத்தை எடுத்தவரால் வஞ்சிக்கப்படலாகாது என்னும் நல்ல நோக்கம் இதற்கு உண்டு. ஆயின் இந்த எண் அளப்பது அறிவை அன்று. கூட்டமொன்றில் ஒருவர் நிற்கும் இடத்தையே அது அளக்கிறது. சென்ற முறையிலும் கூடுதலாகப் பத்துப் புள்ளிகள் பெற்ற ஒருவர், அவ்வாண்டு ஏனையோரும் உயர்ந்துவிட்டமையால், குறைந்த இஸட் புள்ளியோடு வீடு திரும்ப நேரலாம். முன்னிலும் நன்றாகக் கற்றார். முன்னிலும் கீழே நிற்கிறார். இவ்விரண்டு கூற்றுகளும் ஒருங்கே உண்மையாகும் ஓர் அளவுகோலிலே 'என் தரம் என்ன?' என்னும் வினாவுக்கு விடை தேடுவது, ஆற்றுநீரின் ஆழத்தைப் பக்கத்தில் நிற்பவரின் உயரத்தைக் கொண்டு அளப்பதை ஒக்கும்.

இது வெறுந் தத்துவ விசாரணை அன்று என்பதற்கு 2011ஆம் ஆண்டுப் பரீட்சை சான்று. அவ்வாண்டு பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என இரண்டின் கீழும் மாணவர் தோற்றினர். பழைய திட்டத்தின் கீழ் எழுதியோர் முன்னரே ஒருமுறையோ இருமுறையோ தோற்றியவர்கள். புதிய திட்டத்தின் கீழ் எழுதியோர் முதன்முறையாக வந்தவர்கள். இரு தொகுதியினரையும் ஒன்றாகக் கொண்டு இஸட் புள்ளி கணிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2012 ஜூனில் நீதிமன்றம் அக்கணிப்பைத் தள்ளுபடி செய்து, இரு தொகுதியினரையும் வெவ்வேறாகக் கொண்டு மீளக் கணிக்குமாறு பணித்தது. மீளக் கணித்தபோது பலருடைய இடங்கள் மாறின. இங்கு நின்று சிந்திக்கவேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒருவரும் ஒரு சொல்லையேனும் புதிதாக எழுதவில்லை. விடைத்தாள்கள் அவையே, அவற்றில் இடப்பட்ட புள்ளிகளும் அவையே. டிசம்பரில் தகுதியற்றிருந்தவர் ஜூலையில் தகுதியுடையவரானார். தகுதியுடையவராய் இருந்து மகிழ்ந்தவர் சிலருக்கு அம்மகிழ்ச்சி பறிபோயிற்று. அந்த ஏழு மாதங்களில் அவர்களுடைய 'தரம்' எங்கே இருந்தது?

தமிழ் மாணவருக்கு இவ்வினா புதிதன்று. 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது பேராதனையிற் பொறியியல் கற்க, நானூறு மொத்தப் புள்ளிகளிற் சிங்கள மொழிமூலம் எழுதியோருக்கு 227 போதுமாயிருந்தது. தமிழ் மொழிமூலம் எழுதியோருக்கு 250 வேண்டப்பட்டது. மருத்துவத்திற்கு முறையே 229, 250. அடுத்து வந்த ஆண்டுகளில் மொழிவாரித் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் நடைமுறைக்கு வந்தன. 1977இல் ஆட்சி மாறிய பின் மொழிவாரித் தரப்படுத்தல் கைவிடப்பட்டது. மாவட்ட ஒதுக்கீடு வேறு வடிவங்களில் நிலைத்தது. இன்று நாற்பது வீதம் அகில இலங்கைத் திறமை, ஐம்பத்தைந்து வீதம் மாவட்டம், ஐந்து வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்பது ஏற்பாடு. (மொழிவாரியான பாகுபாட்டையும் மாவட்ட ஒதுக்கீட்டையும் ஒரே மூச்சிற் கண்டிக்கும் வழக்கம் நம்மிடையே உண்டு. முல்லைத்தீவிலும் மன்னாரிலும் ஆய்வுகூடமற்ற பாடசாலைகளிற் படித்த பிள்ளைகளுக்குப் பின்னதே பல்கலைக்கழக வாயிலைத் திறந்தது என்பதை யாழ்ப்பாணத்துக் கட்டுரையாளர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.)

1971இல் 240 புள்ளிகளோடு வெளியே நின்ற ஒரு மாணவனை எண்ணிப்பார்க்க. மீண்டும் பரீட்சை எழுத அவன் தீர்மானிக்கிறான். அத்தீர்மானத்திற்கு ஒழுக்கவியற் சிக்கல் ஒன்று உண்டு. நீதியற்ற அளவுகோல் ஒன்றின்கீழ் மீண்டும் தன்னை அளந்துகொள்ள ஒப்புவது, அவ்வளவுகோலை ஏற்றுக்கொண்டதாகாதா? பிளேட்டோவின் 'கிரிட்டோ'விலே சிறையிலிருக்கும் சோக்கிரட்டீஸ், நகரை விட்டுச் செல்ல உரிமையிருந்தும் எழுபது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்தமையால் அதன் சட்டங்களுக்குத் தாம் இசைந்ததாகவே கொள்ளவேண்டும் என்று வாதிடுகிறார். இவ்வாதத்தை அம்மாணவன்மீது ஏவினால் அவன் விடையற்றுப் போவான் போலத் தோன்றும். ஆயின் 1748இல் டேவிட் ஹியூம் இத்தகைய வாதத்துக்கு ஓர் உவமையால் விடை கூறியுள்ளார். உறங்கிக்கொண்டிருந்த ஒருவனைக் கப்பலில் தூக்கிச் சென்றுவிட்டனர். விழித்தபோது நாற்புறமும் கடல். அவன் கடலிற் குதித்து மாளாமல் கப்பலிலேயே இருப்பதால், கப்பற்றலைவனின் ஆணைக்கு இசைந்துவிட்டான் எனல் பொருந்துமா? உயர்தரப் பரீட்சையைத் தவிர வேறு வாயில் அற்ற ஒரு வறிய குடும்பத்துப் பிள்ளைக்கு அப்பரீட்சை மண்டபமே அக்கப்பல். மீண்டும் எழுதுவது அளவுகோலுக்கு அளித்த இசைவாகாது. வேறு வாயில்கள் உள்ளவர், பிரித்தானியப் பரீட்சையையோ வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தையோ நாடக்கூடியவர், இதே பரீட்சையை மீண்டும் எழுதுவாராயின் அவரைப் பற்றி வேறு விதமாகவே பேசவேண்டும். அவர் தொகையோ சிறிது.

இனி மற்றொரு பக்கத்தை நோக்குதல் வேண்டும். இடங்கள் எண்ணி வைக்கப்பட்டவை. இரண்டாந் தரம் எழுதி ஒருவர் ஓரிடத்தைப் பெறும்போது, முதலாந் தரம் எழுதிய வேறொருவர், பெரும்பாலும் அதே மாவட்டத்தவர், அவ்விடத்தை இழக்கிறார். முன்னவர் கூடுதலாக ஒரு தடவை பாடத்தைப் படித்தவர். மண்டபத்தின் அச்சத்தை ஏலவே கடந்தவர். ஐந்து மணித்தியாலத்துக்குரிய வினாக்களை மூன்று மணித்தியாலத்தில் எழுதும் வித்தையைத் தவறுசெய்து கற்றவர். அவருக்குச் சில புள்ளிகளைக் குறைத்தல் நீதியன்றோ என்று கேட்போர் உளர். இவ்வாதத்தை எளிதிற் புறந்தள்ளலாகாது. ஓட்டப் போட்டியில் ஒருவர் ஏற்கெனவே பாதிவழி ஓடிப் பார்த்திருந்தால் அது கவனிக்கத்தக்கதே.

எனினும் இவ்வாதம் ஒன்றினை மௌனமாக முன்கொள்கிறது. முதலாந் தரம் எழுதுவோர் யாவரும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்குகின்றனர் என்பதே அது. 2009 ஓகஸ்டில் செட்டிக்குளத்து முகாம்களில் இடம்பெயர்ந்த மாணவர்கள் உயர்தரப் பரீட்சை எழுதினர். அதற்கு முந்திய மாதங்களில் அவர்கள் எங்கிருந்தனர், யாரை இழந்தனர், கையில் எந்தப் புத்தகம் எஞ்சியிருந்தது என்பனவற்றை இங்கு விரிக்கத் தேவையில்லை. அவர்களுட் சிலர் பின்னர் மீண்டும் எழுதியிருப்பின், பரீட்சைத் திணைக்களத்தின் ஏட்டில் அது இரண்டாந் தரம். நேர்மையோடு எண்ணுவார்க்கு அது முதலாந் தரத்திலும் முந்தியது. அவர்கள் இயல்பாக எழுதிய முதற் பரீட்சை. இவ்வளவு கொடிய நிலை வேண்டியதில்லை. 2024 நவம்பரில் மழையும் வெள்ளமும் பெருகிப் பரீட்சை இடையில் நிறுத்தப்பட்டுச் சில நாட்களின் பின்னரே தொடர்ந்தது. வீட்டினுள் நீர் புகுந்த பிள்ளைக்கும் மாடிவீட்டில் இருந்து மேலும் சில நாட்கள் படித்த பிள்ளைக்கும் அந்த இடைவெளி ஒன்றன்று. தடவைகளை எண்ணிப் புள்ளி குறைக்க முற்படும் அரசு, தடங்கல்களையும் எண்ணவேண்டும். அவற்றை எண்ணுதல் இயலாதாகலின் தடவைகளையும் எண்ணாது விடுதலே நேர்மை. ஆகவே மீண்டும் எழுதும் உரிமை காக்கப்படத்தக்கது.

அவ்வுரிமையைப் பயன்படுத்தும் வசதி யாருக்கு உண்டு என்பது அடுத்த வினா; உண்மையிற் கூரிய வினா இதுவே. தரப்படுத்தலின் கொடுமை பேசப்பட்ட அதே 1971ஆம் ஆண்டிலே ஜோன் றோல்ஸின் 'நீதி பற்றிய ஒரு கோட்பாடு' வெளிவந்தது. பிறப்போடு வரும் ஆற்றலுக்கு எவரும் உரிமை பாராட்ட முடியாது என்று கூறும் றோல்ஸ், அதனினும் ஒருபடி மேற்சென்று, முயல வேண்டும் என்ற விருப்பமே குடும்பத்தாலும் சூழலாலும் பெரிதும் உருவாக்கப்படுவது என்கிறார். மேடைப் பேச்சாளருக்கு இது உவப்பாயிராது. ஆற்றல் இறைவன் தந்தது, முயற்சி நாம் தந்தது என்பது அவர்களின் கணக்கு. மலையகத் தோட்டமொன்றிலே லயத்தில் வாழும் மாணவன் ஒருவனைக் கருதுக. உயர்தரத்தில் இரண்டு பாடங்களில் நல்ல சித்தியும் ஒன்றில் சாதாரண சித்தியும் பெற்றான். அடுத்த வாரமே கொழும்பில் ஒரு புடைவைக்கடையில் வேலைக்குச் சேர்கிறான். அவனுக்கு விடாமுயற்சி இல்லையா? அவனுடைய தாய் நாட்கூலிக்குக் கொழுந்து பறிக்கிறாள். இளையோர் இருவர் பாடசாலை செல்கின்றனர். அவனுக்கு இல்லாதது ஓர் ஆண்டு. பொறியியலாளரின் மகனுக்கு அந்த ஆண்டு வீட்டில் இருந்தது; ரியூட்டரிக் கட்டணமும், படிக்கும் அறையும், 'பரவாயில்லை தம்பி, இன்னொரு தரம் எடு' என்று சொல்லும் தந்தையும் இருந்தனர்.

பெண்பிள்ளைகளின் நிலை இன்னுஞ் சிக்கலானது. வீட்டில் இரு பிள்ளைகள் இருந்து, அண்ணன் இரண்டாந் தரம் எழுதினால், தங்கையின் ரியூசன் பணம் அண்ணனுக்குத் திருப்பப்படுவது உண்டு. தங்கை இரண்டாந் தரம் எழுத விரும்பினாலோ, 'கிடைத்ததைப் படிக்கட்டும்' என்ற பேச்சு எழுகிறது. அண்ணனின் விடாமுயற்சி தங்கையின் விட்டுக்கொடுப்பினால் ஆக்கப்பட்டது. பெறுபேறு வந்து அயலவர் அவனைப் பாராட்டும்போது, தேநீர்த் தட்டோடு உள்ளும் புறமும் போய்வரும் அப்பெண்ணை எவரும் பாராட்டுவதில்லை.

இதனால் மீண்டும் எழுத முனைபவரின் முன்னுள்ள முதல் வினா, 'என்னால் இம்முறை கூடிய புள்ளி பெற முடியுமா?' என்பதாக இருத்தல் போதாது. 'இந்த ஆண்டு யாருடையது?' என்பதும் கேட்கப்படவேண்டும். பேர்னாட் வில்லியம்ஸ் என்னும் ஆங்கிலேய மெய்யியலாளர் 1976இல் எழுதிய 'ஒழுக்கவியற் பேறு' பற்றிய கட்டுரையில் ஓவியர் கோகானின் கதையை எடுத்துக்காட்டாகக் கையாள்கிறார். குடும்பத்தைக் கைவிட்டுத் தொலைதீவுக்குச் சென்று ஓவியம் தீட்டும் ஒருவனது செயலை எது நியாயப்படுத்தும்? அவன் பெரிய ஓவியனாகிவிட்டால், அதுவொன்றே. போகும் வேளையில் அது அவனுக்குத் தெரியாது. வழியில் ஊறுபட்டு ஓவியம் தீட்ட முடியாமற் போனால் அவன் முயற்சி தடைப்பட்டது என்போம். சென்று தீட்டியும் நல்ல ஓவியம் அமையாவிட்டால் அவன் முயற்சியே பிழை என்போம் என்று வில்லியம்ஸ் வேறுபடுத்துகிறார். இரண்டாந் தரம் எழுதும் பிள்ளையின் குடும்பம் இத்தகைய ஒரு பேறு வரும் வரை காத்திருக்கும் குடும்பம். தாயின் சங்கிலி அடகு வைக்கப்பட்டுள்ளது. வெட்டுப்புள்ளி கடந்தால், 'அடகு வைத்தது எவ்வளவு நல்லதாயிற்று' என்பர். கடவாவிட்டால், 'அப்போதே வேலைக்குப் போகச் சொன்னேனே' என்பர். அதே தாய், அதே சங்கிலி, அதே தீர்மானம்.

வில்லியம்ஸின் இவ்வெடுத்துக்காட்டு பரீட்சைக்கு முற்றாகப் பொருந்தாது என்பதையும் சொல்லவேண்டும். கோகானின் ஓவியத்தை உலகம் கண்டு மதிப்பிட முடியும். பரீட்சையிற் கிடைப்பது ஓவியம் அன்று, வரிசையில் ஓரிடம். பிறர் சற்றுக் குறைவாக எழுதியமையால் கிட்டிய வெற்றி, ஓராண்டுக்கு முன் எடுத்த தீர்மானத்தை எங்ஙனம் நியாயப்படுத்தும்? அத்தீர்மானம் எடுத்த வேளையில் அது எடுக்கப்பட்ட முறையைக் கொண்டே மதிக்கப்படவேண்டும். தங்கையைக் கேட்டானா? தாயிடம் உண்மை நிலையைச் சொன்னானா? தன் முதற் பெறுபேற்றின் காரணத்தை நேர்மையோடு ஆராய்ந்தானா, அன்றி வினாத்தாள் கடினம், கண்காணிப்பாளர் சரியில்லை என்று ஆறுதல் தேடினானா? இவை பெறுபேறு வருமுன்னரே விடை காணத்தக்க வினாக்கள். பெறுபேறு எதுவாயினும் மாறாதவையும் இவையே.

அந்த ஆண்டினுள் நிகழும் கல்வியைப் பற்றியும் ஒரு சொல். கடந்தகால வினாத்தாள்களை அடுக்கிவைத்து, புள்ளித் திட்டத்துக்கு ஏற்ப விடையைச் செதுக்கும் பயிற்சியாகவே அது பெரும்பாலும் கழிகிறது. எதனை அறியவேண்டும் என்பதனிலும் எதனை விடலாம் என்பதே அங்கு கற்பிக்கப்படுகிறது. பல்கலைக்கழகம் வந்த பின்னரும் இப்பழக்கம் சிலரை விடுவதில்லை. விரிவுரையின் நடுவே 'இது பரீட்சைக்கு வருமா?' என்று எழும் குரல் அங்கிருந்து வந்ததே. ஆயின் இதற்கு மாறானதும் நிகழ்கிறது. முதன்முறை அவசரத்தில் மனனஞ் செய்த பாடமொன்றை, தோல்வியின் பின்னர், அவசரம் சற்றுத் தணிந்த ஒரு பிற்பகலிலே மீண்டும் படிக்கும்போது அது முதன்முறையாக விளங்கிவிடுவதுண்டு. வரலாற்றுப் பாடத்தில் ஆண்டும் பெயருமாக இருந்தவை காரணமும் விளைவுமாகத் தெரியத் தொடங்கும். அவ்வகைப் பிற்பகல் ஒன்று கிட்டியவருக்கு அந்த ஆண்டு வீண்போகவில்லை. அதற்குப் புள்ளி கிடைக்குமா என்பது வேறு விடயம். பல வேளைகளிற் கிடைப்பதில்லை.

எத்தனை தரம் என்பதற்கு ஓர் எல்லை வேண்டுமா? இலங்கையில் அது மூன்று. பேரரசுக் காலச் சீனத்தில் அவ்வாறான எல்லை இருக்கவில்லை. 1640இல் பிறந்த பூ சொங்லிங் என்னும் கதாசிரியர் இளமையிலேயே முதற்படித் தேர்விற் சிறப்பாகத் தேறினார். அடுத்த படியான மாகாணத் தேர்வை மீண்டும் மீண்டும் எழுதியும் தேறாது, எழுபது வயதை எட்டிய பின்னரே மூப்புக் கருதி ஒரு பட்டம் பெற்றார். இடைக்காலத்தில் அவர் எழுதிச் சேர்த்த விசித்திரக் கதைகளாலேயே இன்று அறியப்படுகிறார். அவரைத் தேறவிடாத தேர்வாளர்களின் பெயர்களை அறிஞரே அறிவர். இதனை நோக்க, மூன்று என்னும் எல்லை கொடியதெனத் தோன்றினும் அதில் ஒரு கருணையும் உண்டு. நான்காவது கதவு அரசால் அடைக்கப்பட்டிருத்தலின், 'முயற்சியைக் கைவிட்டான்' என்னும் பழியை அப்பிள்ளை தானே சுமக்கவேண்டியதில்லை.

மூன்றுக்கு முன்னரே நிறுத்திக்கொள்பவருக்கு அக்கருணை இல்லை. விடாமுயற்சியைப் போற்றும் ஒவ்வொரு பேச்சும், போற்றுவோர் அறியாமலே, நிறுத்தியவரைப் பழிக்கிறது. வள்ளுவர் ஊழுக்கு ஓர் அதிகாரமும் ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். முன்னது 38ஆவது, பின்னது 62ஆவது. இரண்டையும் ஒரே நூலில் வைத்தவர் அவற்றுக்கிடையே உள்ள முரணை அறியாதவராய் இருந்திருக்க முடியாது. நம் மேடைகளோ பின்னதை மட்டும் எடுத்துக்கொண்டு முன்னதை மரண வீட்டுக்கென ஒதுக்கிவிட்டன. முதற் பெறுபேற்றின் பின்னர், வீட்டு நிலையைக் கருதி, தொழில்நுட்பக் கல்லூரிக்கோ வேலைக்கோ செல்லும் ஒருவர் எடுக்கும் முடிவு, மீண்டும் எழுதுவோர் எடுக்கும் முடிவிலும் எவ்வகையிலும் இளைத்ததன்று. பல வேளைகளில் அதற்கே கூடிய மனவுறுதி வேண்டியிருக்கிறது. தம்மால் முடியும் என்று அறிந்தும் விடுவது எளிதான செயலன்று.

பல்கலைக்கழக விரிவுரை மண்டபத்தில் அமர்ந்திருப்போருட் பலர் இரண்டாந் தரத்திலோ மூன்றாந் தரத்திலோ வந்தவர்கள். புள்ளிக்கும் மனிதருக்கும் உள்ள தொடர்பு எத்துணை நொய்தானது என்பதை முதலாந் தரத்தில் வந்தவரினும் அவர்களே நன்கறிவர். ஓராண்டுக் காலம் வெட்டுப்புள்ளியின் வெளிப்பக்கத்தே நின்றவர்கள் அவர்கள். ஆயினும் வந்த சில மாதங்களுக்குள் அவ்வறிவு மறைந்துவிடுவதைக் காணலாம். 'நான் கஷ்டப்பட்டு வந்தனான்' என்ற பேச்சு எழுகிறது. கஷ்டப்பட்டது உண்மை. அதே அளவு கஷ்டப்பட்டு வராதவர்கள் உளர் என்பதும் உண்மை. முதலாவதைச் சொல்லும் வாய் இரண்டாவதைச் சொல்லாதபோது, பந்தலில் அத்தாயைத் தயங்கவைத்த அதே அளவுகோல், இம்முறை அவர் கையில் இருக்கிறது.

யாழ்ப்பாணத்து வீடுகளில் உயர்தரம் முடித்தவர்களின் குறிப்புக் கொப்பிகள் எறியப்படுவதில்லை. அடுத்து எழுதவிருப்போருக்குக் கைமாறுகின்றன. இரண்டாந் தரம் எழுதியவரின் கொப்பியைப் பார்த்தவுடனே இனங்காணலாம். முகப்பில் ஓர் ஆண்டு எழுதப்பட்டு, வெட்டப்பட்டு, அதன் பக்கத்தில் அடுத்த ஆண்டு எழுதப்பட்டிருக்கும். உள்ளே நீல மையில் ஒரு முறையும் சிவப்பு மையில் ஒரு முறையும் கோடிட்டிருக்கும். ஓரங்களிற் பிற்காலத்துத் திருத்தங்கள் இருக்கும். கொப்பிக்கு உரியவர் பல்கலைக்கழகம் புகுந்தாரா, கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தாரா என்பது அதில் எழுதப்பட்டிராது. பெற்றுக்கொள்ளும் பிள்ளையும் அதனைக் கேட்பதில்லை. இரண்டொரு பக்கங்களைப் புரட்டி, எழுத்து விளங்குகிறதா என்று மட்டும் பார்க்கிறது.